மணல்மேட்டில் ஒரு பட்டா

அருப்புக்கோட்டையில் அரசு பஸ் ஓட்டுநராக இருந்தேன். வேலையின் கடைசிப் பதினொரு வருடமும் எனக்கு ஒரே வழித்தடம். அருப்புக்கோட்டையில் புறப்பட்டு, பந்தல்குடி தாண்டி, தூத்துக்குடி ரோட்டை விட்டுக் கிழக்கே பிரிந்து போகும் பஸ் அது. கரிசல் காடு மெல்ல மெல்ல வெளுத்து மணலாகும், பருத்தி போய்ப் பனை வரும், கடைசியில் கடற்கரையில் ஒரு சின்ன ஊரில் ரோடு முடிந்துபோகும். அதற்கு மேல் போக வழியில்லை. பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் சும்மா இருக்கலாம்.

ஊரென்று சொன்னால் எழுபது வீடு இருக்கும். ஒரு மாதா கோவில், ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் ஒரு மணல்மேடு. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி நின்றால் கடல் முழுதாகத் தெரியும். இன்ஜின் சூட்டில் வெந்த காலுக்கு அந்தக் காற்று எவ்வளவு சுகம் என்று பஸ் ஓட்டியவனுக்குத்தான் தெரியும். வேறு நல்ல வழித்தடம் கேட்டு வாங்கிக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த இருபது நிமிஷத்துக்காகவே நான் கேட்கவில்லை.

ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது டீக்கடைக்காரர்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மணல்மேடும் அதன் சரிவில் இருக்கிற ஓட்டு வீடும் தூத்துக்குடியில் குடியேறிவிட்ட ஒருவருக்குச் சொந்தம், அவர் விற்றுவிட நினைக்கிறார் என்றார். எனக்கு அன்றைக்கு பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுபோக மனசே இல்லை. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்ததும் வீட்டில் சொல்லிவிட்டேன்.

மகன் மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நிதானமானவன், கணக்காகப் பேசுவான். குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று பேச்சு வந்ததிலிருந்து அந்தப் பக்கமெல்லாம் காடுகளில் கலர் கொடி நட்டு பிளாட் போட்டிருந்தார்கள். தன் பேரில் ஒன்றை வாங்கியிருந்தான், பக்கத்திலேயே எனக்கும் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். ஓய்வுப் பணம் ஒரு தடவைதான் வரும், அதை வளர்கிற இடத்தில் போட வேண்டும், வளராத மணலில் போடக்கூடாது என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. காற்று நல்லா இருக்கும்ப்பா என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

என் மனைவி இரண்டு பேரையும் பேசவிட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றுதான் கேட்டாள். அங்கே குடிதண்ணீர் உண்டா என்று.

அவளுக்கு அது சின்னக் கேள்வி இல்லை. கண்மாய் நிரம்பாத வருஷங்களே அதிகம் எங்கள் ஊரில். குழாயில் தண்ணீர் எந்த நாள் வரும் என்று பார்த்துத்தான் அவள் வெளியூர்ப் பயணத்தையே முடிவு செய்வாள். கடலோரம் என்றதும் அவள் மனசில் வந்தது உப்பு ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் என் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்து ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

இறங்கியதும் அவள் கடலைப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் மனைவியிடம் போய் நின்றுகொண்டு தண்ணீரைப் பற்றிக் கேட்டாள். அந்தம்மா கரையில் மீன் எடுத்துப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர், கட்டையான, வேகமான ஆள். வாயால் பதில் சொல்லாமல் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு மணல்மேட்டின் அடியில் போய் உட்கார்ந்து மணலைக் கையால் வாரினார். முழங்கை ஆழம் போனதும் ஈரம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வாரியதும் ஊறி நின்றது. முதலில் கலங்கல், அதை இறைத்து ஊற்றினார். அடுத்து ஊறியது பளிங்கு மாதிரி இருந்தது. கொட்டாங்கச்சியில் மொண்டு என் மனைவியிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க மதினி. கடலு அங்கிட்டு கெடக்கு, இது தனி."

அவள் குடித்தாள். கூப்பிடு தூரத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அதை ஒரு பார்வை, கையிலிருந்த தண்ணீரை ஒரு பார்வை பார்த்தாள். இன்னொரு தடவை மொண்டு குடித்தாள். திரும்பி வரும்போது எனக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அருப்புக்கோட்டையில் இறங்கியதும், "வாங்கிப்போடுங்க" என்றாள்.

ஓய்வுப் பணத்தில் முன்பணம் எடுத்துப் பத்திரம் பதிந்து, சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்றிக் கொடுத்து, என் பேரில் பட்டா வந்தது. மகனுடைய பிளாட்டை விட்டால், எங்கள் வகையறாவில் ஒருவர் பேரில் நிலப் பட்டா வருவது அதுதான் முதல் தடவை. என் அப்பா கடைசி வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதார். என் அம்மா அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தாள். நான் அந்தத் தாளை அருப்புக்கோட்டையில் லேமினேஷன் போட்டு வாங்கினேன். கடைக்காரப் பெண் இதற்கெல்லாம் யாரும் லேமினேஷன் போட மாட்டார்கள், செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றாள். பரவாயில்லை, போடும்மா என்றேன்.

காரியாபட்டியில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. என் சித்தப்பா மகன் ஒருவன் பந்தியிலேயே, இருக்கிற பணத்தையெல்லாம் போட்டு அண்ணன் மணல் வாங்கியிருக்காப்ல, வீடு கட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் லோடு சொல்லலாம் என்றான். பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாயசம் வாங்கிக் குடித்தேன்.

ஓய்வு பெற்ற மறுமாதம் குடிபோனோம். ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியை மச்சினனிடம் கொடுத்தோம். மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்து வருவது என்று ஏற்பாடு. என் மனைவி இரண்டு சாக்கில் கரிசல் மண் அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தாள். அருப்புக்கோட்டை மல்லிகையை மணலில் வைத்தால் வராது, அதன் மண்ணோடு வைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். மண் என்றேன். என்னோடு வேலை பார்த்தவர்தான், என்றாலும் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். லக்கேஜ் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை.

முதல் சில மாதங்கள் எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை மாதிரி இருந்தன. ஓட்டை மாற்றினேன், கிணற்றுக்கு உறை இறக்கினேன், முப்பது தென்னங்கன்று வைத்தேன். எங்கள் இடத்தின் நடுவில் மேட்டைக் குறுக்காகக் கடந்து ஒரு ஒற்றையடித் தடம் போனது. காலையில் பெண்கள் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அதன் வழியாகத்தான் கரைக்குப் போவார்கள், மீனோடு திரும்புவார்கள். போகிற போக்கில் என் மனைவியோடு பேசுவார்கள். டீக்கடைக்காரர் மனைவி வாசலிலேயே பாத்திரத்தை இறக்கி, "மதினி, சட்டியை எடுத்துட்டு வாங்க" என்பார். ஊரில் எல்லாருக்கும் நான் டிரைவரண்ணன்.

அப்புறம் மகன் வந்தான், கையில் அளக்கிற டேப்போடு. இடத்தைச் சுற்றி நடந்து பார்த்தவன் முதலில் கேட்டது அந்தத் தடத்தைப் பற்றித்தான். இப்படியே விட்டால் பத்து வருஷம் கழித்து அது பொதுப்பாதை என்று ஆகிவிடும், பிறகு இடத்தை வாங்க ஒருவரும் வரமாட்டார்கள், இந்தக் கடற்கரைக்கெல்லாம் ரிசார்ட் வரப்போகிற காலம் இது, வேலி போடாத இடம் இடமே இல்லை என்றான்.

வேலி போட்டதை அவன் தலையில் கட்ட மாட்டேன். எனக்கும் ஆசை இருந்தது. என் கல், என் கம்பி, என் கேட் என்று ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு. பந்தல்குடிப் பக்கமிருந்து லாரியில் கல்தூண் வந்து இறங்கியது. நாலு நாளில் வேலை முடிந்தது. சுற்றிலும் ஐந்து வரிசை முள்கம்பி, முன்னால் ஒரு இரும்புக் கேட், கடல் பக்கம் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கேட். சாயங்காலம் மேட்டில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தேன். என் அப்பா இருந்திருந்தால் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

யாரும் சண்டைக்கு வரவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பெண்கள் வேலியை ஒட்டிச் சுற்றிப் போனார்கள். தெற்கே பள்ளிக்கூடம் வரைக்கும் போய், அங்கே மணலில் இறங்கி, திரும்பக் கரையோரமாக நடந்து வர வேண்டும். மீன் பாத்திரத்தோடு திரும்பும்போதும் அதே சுற்று. டீக்கடைக்கு நான் போனால் டீ வந்தது, பேச்சு வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் என்னை "வாங்க ஓனர்" என்றார். கேலி மாதிரித் தெரியவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது.

என் மனைவிக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. வாசலுக்கு மீன் வருவது நின்றுபோனதால் அவளே கேட்டைத் திறந்துகொண்டு போய் டீக்கடைக்காரர் மனைவியை வழியில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள். அந்தம்மா, சுத்தி நடக்குறதுல காலு நோவுது, அம்புட்டுத்தான் வீட்டுக்காரம்மா என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாராம். மதினி என்று கூப்பிட்ட வாய் வீட்டுக்காரம்மா என்று கூப்பிட்டதை அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

நான் வீம்பாகப் பேசினேன். வந்து ஒரு சொல் கேட்டிருந்தால் கேட்டைத் திறந்துவிட்டிருக்க மாட்டேனா, கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் நான் என்ன செய்ய முடியும் என்றேன்.

அவள் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"கம்மாய்க்குப் போற தடத்துல முள்ளு வெட்டிப் போட்டப்ப, உங்க அம்மா போயி அவுககிட்டக் கேட்டாகளா?"

அது அவளுக்கு நான் சொன்ன கதைதான். நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் தெருவிலிருந்து கண்மாய்க்குப் போகிற தடத்தை, அது தங்கள் காட்டுக்குள் போகிறது என்று ஒரு குடும்பத்தார் கருவேல முள்ளைப் போட்டு அடைத்துவிட்டார்கள். அம்மா விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தாள். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்றைக்கே போய்க் கம்பியை வெட்டினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். வெட்டவில்லை. மகனிடம் என்ன சொல்வது என்று ஒரு பக்கம், போட்ட செலவு ஒரு பக்கம், போட்ட கையோடு பிரித்தால் ஊர் சிரிக்குமே என்று ஒரு பக்கம். பகலில் இரண்டு கேட்டையும் திறந்தே வைத்தேன். ஒருவரும் உள்ளே வரவில்லை. திறந்த கேட்டு வழியாக டீக்கடை நாய் மட்டும் வந்து மல்லிகைப் பாத்தியில் படுத்துக்கொண்டது. இப்படியே மழைக்காலம் வந்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு காலை, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து புயல் எச்சரிக்கை சொல்லிப் போனார்கள். மாலைக்குள் எல்லாரும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும், படகுகளை மேட்டுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு. கடல் அப்போதே நிறம் மாறிப் பழுப்பாகக் கிடந்தது. நான் வேலிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்களும் பெண்களுமாக ஊரே கரையில் கூடி, பைபர் படகுகளை ஒவ்வொன்றாகக் கயிறு போட்டு இழுத்து மணலில் ஏற்றினார்கள். இழுத்து இழுத்து என் வேலிக் கல் வரைக்கும் வந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் ஒன்று புத்தியில் ஏறியது. அந்த ஊரில் மேடு என்றால் என் இடம்தான். வேறு மேடு கிடையாது. இத்தனை வருஷமும் புயல் என்றால் படகுகள் ஏறி நின்றது நான் டீ குடித்த அந்த இடத்தில். விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கரையில் நாலு படகுக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. சம்மாட்டி என்று சொல்வார்கள். அறுபது வயசிருக்கும், அதிகம் பேசாதவர். அவர் வேலியோரம் வந்து நின்றார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது.

"ஓனரு, படகை வேலிக்கு வெளிய ஒட்டி நிறுத்திக்கிடுறோம். உங்க கல்லுல கயித்தைக் கட்டிக்கிடலாமா? கம்பியில கை படாது."

கம்பியில் கை படாது என்று அவர் சொன்னது, இதை எழுதும்போதும் என் காதில் இருக்கிறது. நான் வீட்டுக்குள் போனேன். பஸ் ஓட்டிய காலத்து டூல்ஸ் பை ஒன்று வைத்திருந்தேன். அதிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வந்து, அவர் நின்ற இடத்திலேயே மேல் கம்பியை வெட்டினேன். இழுத்துக் கட்டிய கம்பி விண்ணென்று சுருண்டு போய் அடுத்த கல்லில் அடித்தது. அடுத்து இரண்டாவதில் பிளேயரை வைத்தேன். சம்மாட்டி அந்தக் கம்பியைச் சுருளாதபடி பிடித்துக்கொண்டார். ஐந்தையும் வெட்டினோம். படகு நுழைய அந்த வாசல் போதவில்லை. நாலு பேர் வந்து இரண்டு கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிச் சாய்த்தார்கள். நான் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் எனக்கு முன்னால் நின்றார். காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக் கொடுத்தார்.

பதினேழு படகு ஏறியது. மதியத்துக்குள் என் தென்னங்கன்றுகளுக்கு நடுவில் ஊரின் பிழைப்பு மொத்தமும் வந்து நின்றது. என் மனைவி பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்து, எல்லாருக்கும் ஊற்றினாள். அப்புறம் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்களும் ஊரோடு பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

புயல் வரவில்லை. வடக்கே திரும்பிப் போய்விட்டது. எங்களுக்கு நல்ல மழை மட்டும் பெய்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் படகுகள் மழைத்தண்ணீர் நிரம்பி அப்படியே நின்றன. ஒரு படகின் அடியில் மல்லிகைப் பாத்தி நசுங்கிக் கிடந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, அது எப்படியும் பூத்த பாடில்லை என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நன்றி என்று யாரும் வந்து சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, வெட்டின வேலி வழியாக டீக்கடைக்காரர் மனைவி உள்ளே வந்து வாசலில் பாத்திரத்தை இறக்கினார்.

"மதினி, சாளை வந்திருக்கு. சட்டியை எடுத்துட்டு வாங்க."

என் மனைவி சட்டியை எடுத்துக்கொண்டு போன வேகத்தில் காலில் செருப்பில்லை, தலைமுடியை முடியவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து செய்தித்தாளைப் படிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மகன் பொங்கலுக்கு வந்தான். வேலி கிடந்த கோலத்தைப் பார்த்தான். தனியாக இடம் முழுக்கச் சுற்றி நடந்தான். மேட்டில் ரொம்ப நேரம் நின்றான். பெண்கள் அவனைத் தாண்டிப் போனார்கள், ஒருவர் அவனிடம் எப்ப வந்தீக என்று கேட்டதும் காதில் விழுந்தது. சாப்பிடும்போதுதான் பேசினான்.

"புயலே வரலையேப்பா."

வரவில்லைதான் என்றேன். வந்திருந்தால் புயலுக்குப் பயந்து அன்றைக்கு மட்டும்தான் திறந்துவிட்டேன் என்று ஆகியிருக்கும், வராததால்தான் நன்றாக யோசிக்க முடிந்தது என்று சொன்னேன். வேலி போட்டதிலிருந்து இந்த ஊரில் நான் குடியிருக்கவே இல்லை, வந்து போகிறவன் மாதிரித்தான் இருந்தேன் என்றும் சொன்னேன். அவன் எனக்கு எதிராகப் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. கையைக் கழுவிவிட்டு ஒரு நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தான். மேட்டின் உச்சியையும் தடத்துக்கு இருபக்கமும் தாராளமான அகலத்தையும் வெளியே விட்டு, வீடு, கிணறு, தென்னை இருக்கிற சரிவை மட்டும் உள்ளே வைத்து ஒரு கோடு போட்டான். இதுக்கு வேலி போடுவோம், மிச்சம் கெடக்கட்டும், ஆனா பட்டா உங்க பேருலேயே இருக்கட்டும் என்றான். அவன் போட்ட கோட்டில் எனக்குத் திருத்த ஒன்றுமில்லை. என்னைவிட நன்றாகவே யோசித்திருந்தான்.

அந்தப் படியே செய்தோம். பிடுங்கின கல்லில் மிச்சமானவற்றை மேட்டில் படகு கட்ட ஊன்றிக் கொடுத்தேன். இப்போது அவன் வரும்போதெல்லாம் முதலில் போய் நிற்பது அங்கேதான். குமாரலிங்கபுரத்தில் அவன் இடத்தில் இன்னும் கொடிதான் பறக்கிறது. விலை ஏறியிருக்கிறது என்கிறான். ஏறட்டும், அவனும் ஆசைப்பட்டுத்தானே வாங்கினான்.

அதற்கு அடுத்த வருஷம் சரிவின் மேற்கே, கடலுக்குத் தள்ளி, இரண்டு அறை கட்டினோம். கரைக்குப் பக்கத்தில் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது, எங்களுக்கும் அதுதான் தோது. சனி ஞாயிறுக்கு அருப்புக்கோட்டையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் குடும்பமாக வந்து தங்குகிறார்கள். பெரிய வசதி ஒன்றும் கிடையாது. மின்விசிறி, கட்டில், சுத்தமான கழிப்பறை, என் மனைவியின் சமையல். மீன் டீக்கடைக்காரர் மனைவியிடமிருந்து வரும். அவர் சொல்கிற மீனைத்தான் சமைக்க வேண்டும், நாங்கள் கேட்கிற மீனை அவர் தரமாட்டார். வருகிறவர்கள் பெரும்பாலும் நான் ஓட்டிய அதே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். முதல் தடவை வந்த ஒரு நெசவுக்காரக் குடும்பம் இரண்டு நாளும் கரையை விட்டு நகரவில்லை. அந்த மனிதர் போகும்போது, தறிச் சத்தம் இல்லாமல் இரண்டு நாள் இருந்தது இதுதான் முதல் தடவை, முதல் நாள் காது வலித்தது என்றார்.

போன கோடையில் மதுரையிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். இடம் பிடித்திருக்கிறது, நல்ல விலை தருகிறேன், அந்தப் பாதையை மட்டும் வேறு பக்கம் மாற்றிவிட முடியுமா என்று கேட்டார். நான் என்ன சொல்லலாம் என்று தொண்டையைச் செருமுவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். விற்கிறதாக இருந்தால் பாதையோடுதான் விற்போம், இப்போதைக்கு விற்கிறதாகவும் இல்லை, மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். அவர் மோர் குடித்துவிட்டு, நல்ல மனிதர், காரிலிருந்து ஒரு டப்பா இனிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாதம் ஒரு தடவை திருச்சுழிக்குப் போய் வருகிறோம். வீட்டைத் திறந்து கூட்டி, மச்சினன் வீட்டில் சாப்பிட்டு, இரண்டு நாள் இருப்போம். இந்த வருஷம் அங்கே மழை பரவாயில்லை, காடெல்லாம் மக்காச்சோளம் நிற்கிறது. எனக்கு அந்த ஊர் மேல் கோபமும் இல்லை, ஏக்கமும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பந்தல்குடி தாண்டியதும் என் மனைவி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

போன வாரம் கரைவலை போட்டார்கள். வலையைக் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைக் கரையிலிருந்தே இழுப்பது. ஆள் குறைவாக இருந்ததால் சம்மாட்டி மேட்டைப் பார்த்துக் கைகாட்டினார். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒன்றரை மணி நேரம் இழுத்தோம். எனக்கு உள்ளங்கை எரிந்தது. வலை கரைக்கு வந்தபோது பெரிதாக ஒன்றுமில்லை, நெத்திலி, கொஞ்சம் காரல், நாலைந்து நண்டு. கயிற்றைத் தொட்ட எல்லாருக்கும் பங்கு உண்டு என்பது அங்கே வழக்கம். மணலில் சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்துப் போட்டார்கள். சம்மாட்டி ஒரு குவியலைக் காலால் சுட்டிக்காட்டி, "டிரைவரு, இது உனக்கு" என்றார்.

பையில்லாமல் போயிருந்தேன். தோளில் கிடந்த துண்டில் வாரிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ரெண்டு பேருக்கே பத்தாதே என்றாள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆய்ந்து, புளி கொஞ்சம் கூடக் கரைத்து, குழம்பு வைத்தாள்.